ஓபன்ஸ்டாக் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மூன்று சர்வர்களை வைத்துச் சொந்தமாக ஒரு கிளவுட் கட்டியிருப்பவர்களுக்கான வழிமுறை இது. உபுண்டுவின் மேல் கோல்லா-ஆன்சிபிள் என்ற நிறுவும் கருவியைக் கொண்டு, கிளவுடை நடத்தும் மென்பொருளான ஓபன்ஸ்டாக்கை நிறுவியிருக்கிறீர்கள், வட்டுகளை செஃப் என்ற சேமிப்பு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, மூன்று சர்வர்களும் கட்டுப்பாடு, விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டுவது, சேமிப்பு ஆகிய மூன்று வேலைகளையும் சேர்த்தே செய்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அமைப்பு கொஞ்சம் வேறாக இருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஓபன்ஸ்டாக் ஒரே மென்பொருள் அல்ல. 2010-ல் நாசாவின் நெபுலா திட்டத்திலிருந்து வந்த, விஎம்களை நடத்தும் நோவாவையும், ராக்ஸ்பேஸ் நிறுவனம் கொடுத்த, கோப்புகளைச் சேமிக்கும் ஸ்விஃப்டையும் சேர்த்துத்தான் இது தொடங்கியது. பிறகு வந்த கீஸ்டோன் (அடையாளச் சரிபார்ப்பு), கிளான்ஸ் (விஎம் எழுப்பப் பயன்படும் இமேஜ்கள்), நியூட்ரான் (நெட்வொர்க்), சிண்டர் (வால்யூம் எனப்படும் வட்டுகள்), பிளேஸ்மென்ட் (எந்தச் சர்வரில் எவ்வளவு இடம் என்ற கணக்கு) எல்லாமே தனித்தனி நிரல்கள். அவை ஒன்றோடொன்று ஏபிஐ வழியாகவோ, செய்திகளைக் கைமாற்றும் ரேபிட்எம்க்யூ வழியாகவோதான் பேசும். அதனால் பிழை தெரிகிற இடமும் பிழை இருக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓபன்ஸ்டாக்கின் இணையத் திரையான ஹொரைசனில் வரும் சிவப்புப் பெட்டி கடைசியில் தோற்ற சேவையின் பெயரைச் சொல்லும். முதலில் தோற்றது வேறு எதுவாகவோ இருக்கும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: எடுத்த எடுப்பில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் சில நேரம் பிழையை மறைக்கும், பல நேரம் தடயத்தை அழிக்கும். அதற்குப் பதில் பிழைச் செய்தியோடு வரும் 'ரெக்' என்று தொடங்கும் கோரிக்கை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நோவாவின் உட்பகுதிகளான ஏபிஐ, கண்டக்டர், ஷெட்யூலர் (சர்வரைத் தேர்ந்தெடுப்பது), கம்ப்யூட் (ஒவ்வொரு சர்வரிலும் விஎம்மைக் கட்டுவது) ஆகிய எல்லாவற்றின் லாகுகளிலும் (பதிவுக் கோப்புகளிலும்) அதே எண் வரும். கோல்லா எல்லா லாகுகளையும் ஒரே அடைவில் சேவை வாரியாகப் பிரித்து வைக்கிறது. மூன்று சர்வர்களிலும் அந்த எண்ணை கிரெப் செய்து (தேடி) நேர வரிசையில் பார்த்தால் கோரிக்கை எந்த இடம்வரை போய் நின்றது என்பது தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். மூன்று சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று, நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியில் பாருங்கள். எந்தச் சர்வரிலாவது ரூட் வட்டு நிரம்பியிருக்கிறதா? ரேபிட்எம்க்யூ அலாரம் எதுவும் எழுப்பியிருக்கிறதா? மூன்று சர்வர்களின் தரவுத்தளத்தையும் ஒன்றாக வைத்திருக்கும் கலேராவில் மூன்று கணுக்களும் இருக்கின்றனவா? இவற்றுள் வட்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டீபக் லாகை யாரோ ஒருநாள் ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார்கள், வட்டு நிரம்பிவிடும். காலியிடம் 50 எம்பிக்குக் கீழே போனால், இயல்பான அமைப்பில் ரேபிட்எம்க்யூ புதிய செய்திகளை ஏற்காது. அது சாகாது, ஆனால் எதையும் வாங்கிக்கொள்ளாது. நோவா, நியூட்ரான், சிண்டர் மூன்றும் 'மெசேஜிங் டைம்அவுட்' என்று அலறும். நீங்கள் மூன்றின் லாகையும் படித்து நேரத்தைத் தொலைப்பீர்கள்.

அறிகுறி: விஎம் உருவாக்கினால் 'நோ வாலிட் ஹோஸ்ட் வாஸ் ஃபவுண்ட்' என்று வருகிறது

ஓபன்ஸ்டாக்கில் அதிகம் பார்க்கப்படும் பிழை இதுவாகத்தான் இருக்கும். குறைவாகத் தகவல் சொல்லும் பிழையும் இதுதான். 'இடம் இல்லை' என்று பொருள்கொண்டு புதிய ராம் வாங்கப் போய்விடாதீர்கள். இந்த ஒரே செய்திக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு தோல்விகள் இருக்கின்றன. எது என்பதை நோவாவின் ஷெட்யூலர், கண்டக்டர் லாகுகள் சொல்லும்.

ஷெட்யூலர் முதலில் பிளேஸ்மென்டிடம் 'இவ்வளவு சிபியு, இவ்வளவு ராம், இவ்வளவு வட்டு தரக்கூடிய சர்வர்கள் எவை?' என்று கேட்கும். வந்த பட்டியலைத் தன் ஃபில்டர்களில் ஒவ்வொன்றாகச் சலிக்கும். மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே விஎம்மைக் கட்டச் சொல்லும். இந்த மூன்று படிகளில் எந்தப் படியிலும் ஆள் இல்லாமல் போகலாம்.

லாகில் 'காட் நோ அலோகேஷன் கேண்டிடேட்ஸ்' என்று இருந்தால் முதல் படியிலேயே பட்டியல் காலி. மூன்று சர்வர்களிலும் தலா 6 ஜிபி ராம் மிச்சம் இருந்தால் ஹொரைசன் 18 ஜிபி காலி என்று காட்டும், ஆனால் 8 ஜிபி விஎம் ஒன்றுகூட ஏறாது. மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சர்வரையும் தனியாகப் பாருங்கள். செஃப் இருக்கும் இடத்தில் வட்டு எண்ணும் ஏமாற்றும். ஒரே செஃப் குளத்தை (பொதுச் சேமிப்பை) மூன்று சர்வர்களும் தம்முடையது என்றே அறிவிப்பதால் மொத்தம் மூன்று மடங்காகத் தெரியும்.

சிபியு விகிதத்தையும் கவனியுங்கள். ஒரு மெய்யான கோருக்கு எத்தனை மெய்நிகர் கோர் கொடுக்கலாம் என்ற ஆரம்ப மதிப்பு முன்பு 16 ஆக இருந்தது, பிந்தைய வெளியீடுகளில் 4 ஆகிவிட்டது. ராம் விகிதமும் 1.5-லிருந்து 1 ஆகிவிட்டது. பழைய கிளவுடில் ஏறிய அதே எண்ணிக்கை விஎம்கள் புதிதாக நிறுவியதில் ஏறவில்லையென்றால் இது காரணமாக இருக்கலாம். ராமைப் பொறுத்தவரை 1 என்பதே சரி என்பேன். இல்லாத ராமைப் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கீழே இன்னொரு அறிகுறியாக வருகிறது.

ஏதோ ஒரு ஃபில்டர் 'ரிட்டர்ன்ட் 0 ஹோஸ்ட்ஸ்' என்று லாகில் இருந்தால் அந்த ஃபில்டரின் பெயரே விடை. கம்ப்யூட் ஃபில்டர் என்றால் அந்தச் சர்வரின் நோவா கம்ப்யூட் சேவை விழுந்திருக்கிறது, அல்லது யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். சர்வரில் விஎம்களை இயக்கும் லிப்வர்ட்டோடு இணைப்பு அறுந்தால் நோவாவே அதை முடக்கி, காரணத்தையும் எழுதி வைக்கும். சேவைப் பட்டியலை நீளப் பார்வையில் எடுத்தால் அந்தக் காரணம் தெரியும். ஆன்டி-அஃபினிட்டி ஃபில்டர் என்றால் கணக்கு எளிது: ஒன்றாக இருக்கக் கூடாது என்று நீங்களே சொன்ன நான்கு விஎம்களை மூன்று சர்வர்களில் வைக்க முடியாது.

மூன்றாவது வகையில் 'எக்ஸீடட் மேக்ஸிமம் நம்பர் ஆஃப் ரிட்ரைஸ்' என்ற சொற்கள் வரும். அப்படியானால் சர்வர் கிடைத்தது, கட்டும்போது உடைந்தது, அடுத்த சர்வரிலும் உடைந்தது. இங்கே ஷெட்யூலரை விட்டுவிட்டு அந்தந்தச் சர்வரின் நோவா கம்ப்யூட் லாகுக்குப் போங்கள். அங்கே போர்ட் பைண்டிங் (விஎம்மின் நெட்வொர்க் இணைப்பைச் சர்வரில் பொருத்துவது) தோல்வியோ, செஃப் சாவி தவறு என்றோ, லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் கிடைக்கவில்லை என்றோ உண்மையான காரணம் இருக்கும். கடைசியாகச் சொன்னது புதுச் சர்வரில் சகஜம். பயாஸில் வெர்ச்சுவலைசேஷனை ஆன் செய்திருக்க மாட்டார்கள். சிபியு தகவலில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கொடி இல்லையென்றாலும், இருந்தும் கேவிஎம் சாதனக் கோப்பு இல்லையென்றாலும் பயாஸுக்குப் போங்கள்.

புதிதாகச் சேர்த்த சர்வருக்கு மட்டும் விஎம்மே போகவில்லை, சேவைப் பட்டியலில் மட்டும் உயிரோடு தெரிகிறது என்றால் நோவா சர்வர்களைத் தொகுத்து வைக்கும் எந்தச் செல்லிலும் அது பதிவாகவில்லை. நோவா-மேனேஜில் செல்-வி2 டிஸ்கவர்-ஹோஸ்ட்ஸ் கட்டளையை ஓட்டினால் முடிந்தது. கோல்லா இதைத் தானே செய்யும், கையால் சேர்த்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

சர்வரை அழித்து அதே பெயரில் மறுபடி நிறுவினால் வேறொரு சிக்கல் வரும். பிளேஸ்மென்ட் அந்தப் பெயருக்குப் பழைய அடையாள எண்ணை வைத்திருக்கும், புதிய நோவா கம்ப்யூட் வேறு எண்ணோடு வந்து நிற்கும், 409 என்று மோதல் பதில் திரும்பத் திரும்ப வரும். 2023.1 வெளியீட்டிலிருந்து அந்த அடையாளம் கம்ப்யூட்-ஐடி என்ற கோப்பாக வட்டிலேயே இருக்கிறது. மறுபடி நிறுவும் முன் அந்தக் கோப்பை எடுத்து வைத்து, சேவையைத் தொடங்கும் முன் திரும்ப வைத்துவிடுங்கள்.

அறிகுறி: விஎம் 'ஆக்டிவ்' என்கிறது, ஆனால் ஐபி வரவில்லை, பிங் போகவில்லை

முதலில் கன்சோல் லாகைப் படியுங்கள். விஎம்முக்குள் ஐபி வந்ததா இல்லையா என்பது அதில் தெரியும். வந்திருந்தால் உங்கள் சிக்கல் பாதி தீர்ந்தது. விஎம்மின் ஃபயர்வால் விதிகளான செக்யூரிட்டி குரூப்பைப் பாருங்கள். இயல்பான குரூப், தன் குரூப்பில் இருப்பவர்களைத் தவிர வெளியிலிருந்து வரும் எதையும் விடாது. பிங்குக்கான ஐசிஎம்பியையும் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஐயும் நீங்கள்தான் திறக்க வேண்டும்.

ஐபியே வரவில்லையென்றால் போர்ட்டின் விவரத்தை எடுங்கள். 'பைண்டிங் ஃபெயில்ட்' என்றிருந்தால் அந்தச் சர்வரில் நியூட்ரான் ஏஜென்ட் இறந்திருக்கிறது, அல்லது நெட்வொர்க்குக்குக் கொடுத்த ஃபிஸிக்கல் பெயரும் ஏஜென்ட்டின் பிரிட்ஜ் மேப்பிங்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது. சரிசெய்த பிறகு அந்த விஎம்மை அப்படியே உயிர்ப்பிக்கப் போராடாமல் நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டிப் பாருங்கள்.

போர்ட் நன்றாக இருந்தால் பாக்கெட்டின் பின்னாலேயே நடக்க வேண்டும். சுருக்கு வழி இல்லை. விஎம்மின் டேப் இன்டர்ஃபேஸில் (சர்வர் பக்கம் உள்ள அதன் மெய்நிகர் கார்டில்), பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டு 67, 68 போர்ட்டுகளைக் கவனியுங்கள். ஐபி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கை கிளம்புகிறதா? அடுத்து, டிஹெச்சிபி ஏஜென்ட் இருக்கும் சர்வரில் க்யூ-டிஹெச்சிபி என்ற தனி நெட்வொர்க் வெளியான நேம்ஸ்பேசுக்குள் அதே கோரிக்கை வந்து சேர்கிறதா? கிளம்பி, சேரவில்லையென்றால் நடுவில் இருப்பது, சர்வர்களுக்கிடையே விஎம்களின் பாக்கெட்டுகளை உறையிட்டு அனுப்பும் விஎக்ஸ்லேன் சுரங்கம்தான். யுடிபி 4789-ஐ ஏதாவது ஃபயர்வால் தடுக்கிறதா, சுரங்கத்துக்கு ஒதுக்கிய இன்டர்ஃபேஸ் மூன்று சர்வர்களிலும் ஒரே சப்நெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரானின் கீழ் ஓவிஎன் என்ற மாற்று நெட்வொர்க் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இந்த நேம்ஸ்பேஸ் இருக்காது. டிஹெச்சிபி பதிலை விஎம் ஓடும் சர்வரில் உள்ள ஓவிஎன் கண்ட்ரோலரே தந்துவிடும். அங்கே சுரங்கம் ஜெனீவ், போர்ட் 6081.

உள்ளே எல்லாம் சரி, விஎம்முக்கு வெளியுலகுக்காகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் ஐபி மட்டும் வெளியிலிருந்து எட்டவில்லையென்றால் வெளி பிரிட்ஜைப் பாருங்கள். கோல்லாவுக்கு நியூட்ரான் வெளி இன்டர்ஃபேஸ் என்று கொடுத்த கார்டில் ஐபி இருக்கக் கூடாது. இருக்கிற ஒரே கார்டையே அதற்கும் கொடுத்தால் சர்வரோடு உங்கள் இணைப்பும் சேர்ந்து போய்விடும். இந்த மொத்த அமைப்பையும் இன்னொரு வெர்ச்சுவலைசேஷனுக்குள் வைத்துப் பழகுகிறீர்கள் என்றால் அங்கே ப்ராமிஸ்குவஸ் மோடும் மேக் முகவரி மாற்றமும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் வெளி சுவிட்ச் உங்கள் ஃப்ளோட்டிங் ஐபியின் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

அறிகுறி: பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் தொங்குகிறது

பிங் நன்றாக இருக்கும். டிசிபி இணைப்பும் கிடைக்கும். எஸ்எஸ்ஹெச்சை விவரமாக ஓட்டினால் சாவிப் பரிமாற்றத்தில் வந்து அப்படியே நிற்கும். இணையத்தில் சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. ஏபிடி அப்டேட் பாதியில் உறையும். இந்த அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தவுடன் வேறெதையும் யோசிக்காமல் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள்.

காரணம் இதுதான். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். விஎக்ஸ்லேன் தன் உறைக்கு 50 பைட் எடுத்துக்கொள்ளும்: வெளி ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, விஎக்ஸ்லேன் தலைப்புக்கு 8, உள்ளே உள்ள ஈதர்நெட் தலைப்புக்கு 14. ஆகவே விஎம்முக்கு மிஞ்சுவது 1450. ஓவிஎன்னில் இது 1442. விஎம் தன்னிடம் 1500 இருப்பதாக நினைத்தால் சின்னப் பாக்கெட்டுகள் போகும், முழுப் பாக்கெட்டுகள் வழியில் தொலையும். கைகுலுக்கல் சின்னது, சாவிப் பரிமாற்றம் பெரியது. அதனால்தான் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது.

சோதிப்பது எளிது. விஎம்முக்குள்ளிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1422 பைட் பிங் அனுப்புங்கள். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கான 28-ஐச் சேர்த்தால் சரியாக 1450. அதுவே போகவில்லையென்றால் கீழே உள்ள நெட்வொர்க் 1500-ஐக்கூடத் தாங்கவில்லை என்று பொருள். அளவைக் குறைத்துக்கொண்டே போய் எங்கே கடக்கிறது என்று பாருங்கள். கிடைத்த எண்ணுக்கேற்ப நியூட்ரானின் குளோபல் ஃபிஸ்நெட் எம்டியுவைத் திருத்துங்கள். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்குகள் தாமாக மாறாது, அவற்றுக்கு எம்டியுவைத் தனியாக மாற்ற வேண்டும். அதன் பின் விஎம் டிஹெச்சிபியைப் புதுப்பிக்க வேண்டும்.

ஜம்போ ஃபிரேம் வைத்து 9000-க்குப் போனவர்கள் சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் பாருங்கள். ஒரே ஒரு போர்ட் 1500-ல் தங்கிவிட்டால் மூன்றில் ஒரு சர்வரில் உள்ள விஎம்கள் மட்டும் இப்படி நடக்கும்.

இதே நோயின் இன்னொரு முகம்: விஎம்மில் எல்லாம் சரி, அதற்குள் ஓடும் டாக்கர் கன்டெய்னர்களில் மட்டும் இணையம் தொங்குகிறது. டாக்கரின் பிரிட்ஜ் இயல்பாக 1500 என்றே இருக்கும், விஎம்மின் கார்டு 1450. டாக்கர் டீமன் அமைப்புக் கோப்பில் எம்டியுவை 1450 என்று எழுதி, கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்கும் அதையே கொடுங்கள். கிளவுடில் ஒரு தவறும் இருக்காது, ஆனால் உங்களிடம்தான் புகார் வரும். அதனால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அறிகுறி: எஸ்எஸ்ஹெச் 'பர்மிஷன் டினைட்' என்கிறது

முதலில் பயனர் பெயர். உபுண்டு இமேஜுக்கு உபுண்டு, டெபியனுக்கு டெபியன், ராக்கிக்கு ராக்கி. ரூட் என்று முயன்றால் நடக்காது.

பெயர் சரியென்றால் சாவி உள்ளே போகவில்லை. விஎம் முதலில் எழும்போது அதை அமைக்கும் கிளவுட்-இனிட், 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டுத்தான் சாவியை வாங்குகிறது. சோதனைக்கான சிறிய சிர்ராஸ் இமேஜில் ஒரு விஎம் எழுப்பி, கன்சோலில் கடவுச்சொல்லால் நுழைந்து, அந்த முகவரிக்குக் கர்ல் போட்டுப் பாருங்கள். பதிலே இல்லாமல் காத்திருந்தால் வழியில் சிக்கல்: ரௌட்டர் இணைக்கப்படவில்லை, அல்லது அந்த முகவரிக்குப் பதில் சொல்லும் மெட்டாடேட்டா ஏஜென்ட் ஓடவில்லை. 403 என்றால் நோவாவிலும் நியூட்ரானிலும் எழுதியிருக்கும் ரகசியச் சொல் ஒன்றாக இல்லை, கையெழுத்து பொருந்தவில்லை. 500 என்றால் ஏஜென்ட்டின் லாகைப் பாருங்கள், நோவாவோடு அதனால் பேச முடிந்திருக்காது. அவசரத்துக்கு, சாவியை ஒரு வட்டாகவே தரும் கான்ஃபிக் டிரைவோடு விஎம்மை எழுப்பினால் இந்தப் பாதையே தேவைப்படாது.

அறிகுறி: சில நேரம் உள்ளே விடுகிறது, சில நேரம் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை)

'சில நேரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் தவறென்றால் எப்போதும் தவறுதான். மூன்று முயற்சியில் ஒன்று தோற்றால், கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் ஹெச்ஏப்ராக்ஸிக்குப் பின்னால் உள்ள மூன்று கீஸ்டோன்களில் ஒன்று மட்டும் வேறாக இருக்கிறது.

பெரும்பாலும், டோக்கன்களை (நுழைவுச் சீட்டுகளை) மறையாக்கும் ஃபெர்னெட் சாவிகள்தான். ஒரு கீஸ்டோன் கொடுத்த டோக்கனை மற்றொன்று திறக்க வேண்டுமானால் இரண்டிடமும் ஒரே சாவிகள் இருக்க வேண்டும். சாவிகளைச் சுழற்றிய பிறகு மற்ற சர்வர்களுக்கு நகலெடுக்கும் வேலை எங்கோ தோற்றிருக்கும். மூன்று சர்வர்களிலும் ஃபெர்னெட் அடைவில் உள்ள கோப்புகளின் செக்சம் எடுத்து ஒப்பிடுங்கள். அவை ஒன்றாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால் கடிகாரம்: டோக்கனில் காலாவதி நேரம் இருக்கிறது, ஒரு சர்வர் டோக்கனின் ஆயுளைவிட அதிகமாக முன்னால் ஓடினால் புதிதாகப் பிறந்த டோக்கனும் அதற்குக் காலாவதியானதே.

அறிகுறி: மின்சாரம் போய் வந்தது, எதுவுமே எழவில்லை

மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் விழுந்தால் முதலில் சிக்குவது கலேரா. மூன்று மரியாடிபி தரவுத்தளங்களும் 'என்னைவிடப் புதிய தரவு மற்றவரிடம் இருக்கலாம்' என்று காத்திருக்கும், யாரும் முதலில் எழ மாட்டார்கள். இது குறையல்ல, பாதுகாப்பு. கிராஸ்டேட் கோப்பைத் திறந்தால் மூன்றிலும் வரிசை எண் -1 என்றும், பூட்ஸ்ட்ராப்புக்குப் பாதுகாப்பானதா என்ற இடத்தில் 0 என்றும் இருக்கும்.

இங்கே அவசரப்பட்டுக் கைக்குக் கிடைத்த சர்வரில் அந்த 0-வை 1 ஆக்கிவிடாதீர்கள். பின்தங்கிய சர்வரை முதலில் எழுப்பினால் மற்ற இரண்டும் அதனிடமிருந்து நகலெடுத்து, தம்மிடம் இருந்த புதிய தரவை அழித்துக்கொள்ளும். முதலில் மூன்று தரவு அடைவுகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் டபிள்யூஎஸ்ரெப் ரெகவர் வழியாக உண்மையான வரிசை எண்ணைப் பெற்று, பெரிய எண் உள்ளதை முதலில் எழுப்புங்கள். கோல்லா-ஆன்சிபிளில் இதற்கென்றே மரியாடிபி ரெகவரி என்ற கட்டளை இருக்கிறது, மேலே சொன்னதைத்தான் தானாகச் செய்யும். நகல் எடுத்த பிறகு அதையே பயன்படுத்துங்கள்.

தரவுத்தளம் எழுந்ததும் செஃப் மானிட்டர்களில் பெரும்பான்மை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ரேபிட்எம்க்யூ. அவை இரண்டும் நிலைத்த பிறகே நோவா, நியூட்ரான் பக்கம் போங்கள். விஎம்கள் எல்லாம் 'ஷட்ஆஃப்' என்று கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சர்வர் எழுந்தவுடன் முன்பு ஓடிய விஎம்களை எழுப்பும் அமைப்பு நோவாவில் இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதை ஆன் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. செஃப் முழுதாக ஆரோக்கியமாவதற்குள் எல்லா விஎம்களும் ஒன்றாக வட்டைக் கேட்டால் மீட்பு இன்னும் தாமதமாகும். முக்கியமானதிலிருந்து ஒவ்வொன்றாக நீங்களே எழுப்புங்கள்.

அறிகுறி: எல்லா விஎம்களும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன

விஎம்கள் சாகவில்லை, பிங்குக்குப் பதில் சொல்கின்றன, ஆனால் வட்டைத் தொடும் எதுவும் நகரவில்லை. செஃப் நிலையைப் பாருங்கள்.

செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 90-ல் அந்த வட்டுக்குத் தரவை நகர்த்துவதை நிறுத்தும், 95-ல் எழுதுவதையே நிறுத்தும். கவனிக்க வேண்டியது, ஒரே ஒரு ஓஎஸ்டி (செஃப்பில் ஒரு வட்டைக் கவனிக்கும் நிரல்) 95-ஐத் தொட்டாலும் அந்தக் குளத்தில் எழுதுவது நிற்கும். சராசரி 70-ல் இருக்கலாம், அது உதவாது.

மூன்று சர்வர் அமைப்பில் இதற்கென ஒரு பொறி இருக்கிறது. மூன்று நகல், சர்வருக்கு ஒரு நகல் என்பது விதி. ஒரு சர்வர் முழுதாகப் போனால் மூன்றாவது நகலை வைக்க வேறிடம் இல்லை, ஆகவே செஃப் இரண்டு நகலோடு ஓடும், தரவு நகராது. ஆனால் இரண்டு வட்டுகள் உள்ள சர்வரில் ஒரு வட்டு மட்டும் செத்தால், 10 நிமிடம் கழித்து அதன் பங்கு முழுவதும் அதே சர்வரின் மற்றொரு வட்டில்தான் வந்து சேர வேண்டும். இரண்டும் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த ஒற்றை வட்டு 100-ஐ நோக்கிப் போகும். முழுச் சர்வர் போனபோது பிழைத்த கிளவுட், ஒரு வட்டு போனதும் உறைவது இதனால்தான். சர்வருக்கு இரண்டே வட்டு வைத்திருப்பவர்கள் 45 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நிரம்பிவிட்டால் அழிப்பதற்கும் இடம் தேவை. நிரம்பும் வரம்பை 95-லிருந்து 96 அல்லது 97 ஆகத் தற்காலிகமாக உயர்த்தி, வேண்டாத ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி, உடனே பழைய எண்ணுக்குத் திரும்புங்கள். பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்தும் முன், அதன் வட்டுகளை வெளியேற்றித் தரவை நகர்த்தாதே என்று சொல்லும் நோஅவுட் கொடியைப் போடுங்கள், முடிந்ததும் எடுங்கள்.

நிரம்பவில்லை, ஆனாலும் உறைந்திருக்கிறது என்றால் நகல்களை எண்ணுங்கள். மூன்றில் இரண்டு போய் ஒன்று மட்டும் மிஞ்சினால், குறைந்தபட்சம் இரண்டு வேண்டும் என்ற விதியால் செஃப் அந்தத் தரவின் மேல் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்தும். அந்தக் குறைந்தபட்சத்தை 1 ஆக்கினால் உடனே ஓடும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். ஒற்றை நகலின் மேல் எழுதிக்கொண்டிருக்கையில் அந்த வட்டும் போனால் மீட்க எதுவும் இருக்காது. விழுந்த சர்வரை எழுப்புவதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

உறையவில்லை, ஆமை வேகம் என்றால் சாகப்போகும் ஒரு வட்டைத் தேடுங்கள். ஓஎஸ்டி பெர்ஃப் பட்டியலில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு தாமதம் காட்டும். எல்லாமே தாமதம் என்றால் வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மின்தடைக் காப்பு இல்லாத எஸ்எஸ்டிகள் எழுதும் ஒவ்வொன்றும் உண்மையில் வட்டில் இறங்கும்வரை காத்திருப்பதால், செஃப்பின் கீழ் பரிதாபமாக ஓடும். எந்த அமைப்பு மாற்றமும் அதைச் சரிசெய்யாது.

புதிய வால்யூம் உருவாக மட்டும் நேரம் பிடிக்கிறதென்றால் இமேஜ் வடிவத்தைப் பாருங்கள். க்யூகவ்2 இமேஜை ஒவ்வொரு முறையும் இறக்கி, மாற்றி, ஏற்ற வேண்டியிருக்கும். ரா வடிவில் கிளான்ஸில் ஏற்றி வைத்தால், நகலெடுக்காமலே கண நேரத்தில் செஃப் குளோன் எடுத்துத் தரும்.

அறிகுறி: விஎம் தானாக அணைந்துவிடுகிறது

உள்ளே யாரும் அணைக்கவில்லை, நோவாவிலும் அணைக்கச் சொன்ன பதிவு இல்லை. அந்தச் சர்வரின் கர்னல் லாகில் ஓஓஎம் என்று தேடுங்கள். ராம் தீர்ந்துபோய், அதிகம் தின்னும் செயல்முறையைக் கர்னல் கொன்றிருக்கும். விஎம் சர்வரில் அது விஎம்மை ஓட்டும் கியூஎமுவாகத்தான் இருக்கும்.

சர்வருக்கென நோவா ஒதுக்கி வைக்கும் ராம் இயல்பாக 512 எம்பி மட்டுமே. ஒவ்வொரு செஃப் ஓஎஸ்டியும் இயல்பாக 4 ஜிபியை இலக்காக வைத்துக்கொள்ளும். அதே சர்வரில் மரியாடிபி, ரேபிட்எம்க்யூ, ஏபிஐ சேவைகள் எல்லாம் இருக்கின்றன. நான்கு ஓஎஸ்டி உள்ள சர்வரில் குறைந்தது 30 ஜிபியை ஒதுக்கி வைப்பேன்.

அறிகுறி: வால்யூம் 'டிலீட்டிங்' அல்லது 'டிடாச்சிங்' என்றே நிற்கிறது, கன்சோல் 1006 என்கிறது

வால்யூமின் நிலையை ரீசெட் செய்யும் கட்டளை தரவுத்தளத்தில் உள்ள சொல்லை மட்டுமே மாற்றும். வட்டில் எதையும் செய்யாது. ஆகவே முதலில் செஃப்பில் அந்த இமேஜை யாராவது பிடித்திருக்கிறார்களா, அதற்கு ஸ்னாப்ஷாட்டோ குளோனோ இருக்கிறதா என்று பாருங்கள். பிடிப்பை விடுவித்த பிறகு ரீசெட் செய்து மறுபடி நீக்குங்கள். தரவுத்தள வரிசையைக் கையால் திருத்துவது வேண்டாம். பிளேஸ்மென்டிலும் நோவாவிலும் அநாதைக் கணக்குகள் மிஞ்சி, பல மாதம் கழித்து வேறு உருவில் வரும்.

1006 என்பது உங்கள் உலாவி கன்சோல் ப்ராக்ஸியை எட்டவில்லை, அல்லது ப்ராக்ஸி விஎம் உள்ள சர்வரை எட்டவில்லை என்பதன் அடையாளம். 6080 போர்ட் திறந்திருக்கிறதா, ப்ராக்ஸியின் முகவரி உங்கள் கணினியிலிருந்து எட்டக்கூடியதா, சர்வரின் பெயர் எல்லாச் சர்வர்களிலும் சரியான ஐபியைத் தருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

அறிகுறி: லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு நகர்த்துவது) ஒரு பக்கம் போகிறது, திரும்பி வர மறுக்கிறது

பழைய சிபியு உள்ள சர்வரிலிருந்து புதியதற்குப் போகும், புதியதிலிருந்து பழையதற்கு வராது. நோவா இயல்பாக ஹோஸ்ட்-மாடலை (அந்தச் சர்வரின் சிபியு மாடலையே) கொடுப்பதால், புதிய சர்வரில் எழுந்த விஎம் பழையதில் இல்லாத சிபியு வசதிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று சர்வர்களிலும் பழையதன் சிபியு மாடலையே பொதுவாக எழுதி, விஎம்களை ஒருமுறை ஹார்ட் ரீபூட் செய்யுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது.

இரண்டு பக்கமும் போகவில்லையென்றால் 49152 முதல் உள்ள போர்ட்டுகளை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். போய்க்கொண்டே இருக்கிறது, முடியவில்லையென்றால் அந்த விஎம் ராமை நகலெடுக்கும் வேகத்தைவிட வேகமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. விஎம்மின் வேகத்தைக் குறைத்து நகலெடுப்பை முடிக்க வைக்கும் ஆட்டோ-கன்வெர்ஜை ஆன் செய்யுங்கள், அல்லது அந்த விஎம்மின் வேலை குறைவான நேரத்தில் நகர்த்துங்கள்.

அறிகுறி: ஒரு சர்வர் போய்விட்டது, அதிலிருந்த விஎம்களை வேறிடத்தில் எழுப்ப வேண்டும்

இதற்கு எவாக்குவேட் கட்டளை. இங்கே ஒரே ஒரு தவறு மொத்தத் தரவையும் கெடுக்கும். நோவா ஒரு சர்வரை 'டவுன்' என்று சொல்ல, அதன் சேவையிலிருந்து 60 விநாடி செய்தி வராமல் இருந்தாலே போதும். சர்வர் செத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாக நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்றிருக்கலாம், விஎம்கள் உள்ளே நன்றாக ஓடி செஃப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் எவாக்குவேட் செய்தால் ஒரே வட்டின் மேல் இரண்டு விஎம்கள் எழுதும், கோப்பு முறைமை சிதையும்.

ஆகவே முதலில், சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாக அந்தச் சர்வரை அணையுங்கள். ஐபிஎம்ஐ பதில் சொல்லவில்லையென்றால் நேரில் போய் இரண்டு பவர் கேபிள்களையும் பிடுங்குங்கள். அணைந்ததை உறுதிசெய்த பிறகு சேவையை ஃபோர்ஸ்டு-டவுன் என்று குறித்து, எவாக்குவேட் செய்யுங்கள். பழுதுபார்த்துத் திரும்ப எழுப்பும்போது, அந்தச் சர்வரின் நோவா கம்ப்யூட் தொடங்கியதும் இடம்பெயர்ந்த விஎம்களின் பழைய எச்சங்களைத் தானே நீக்கும். அது முடிந்ததை லாகில் பார்த்த பிறகு ஃபோர்ஸ்டு-டவுன் குறியை எடுத்துவிட்டு, ஒரு சிர்ராஸ் விஎம்மை அந்தச் சர்வரில் எழுப்பிப் பாருங்கள்.